பெட்டியில் மெழுகுப்பூச்சி வந்துவிட்டதா? புதிதாகத் தேனீ வளர்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை

"அண்ணே, பெட்டியில புழு விழுந்துருச்சு, ஈயெல்லாம் ஓடிப்போச்சு." சோழவந்தான் தென்னந்தோப்பில் பெட்டி வைத்தவரும் இதையேதான் சொல்கிறார், மேலூர் பக்கம் மாந்தோப்பில் வைத்தவரும் இதையேதான் சொல்கிறார். நான் பதிலுக்குக் கேட்பது ஒரே கேள்வி: "புழு வர்றதுக்கு முந்தி எத்தன சட்டத்துல ஈ நெறஞ்சு இருந்துச்சு தம்பி?" அதற்குப் பெரும்பாலும் பதில் வராது. (சட்டம் என்பது தேனீ மெழுகு அடை கட்டுவதற்காகப் பெட்டிக்குள் தொங்கவிடும் மரச்சட்டகம்.)

புழு வந்ததால் கூட்டம் அழிந்தது என்று நினைக்கிறோம். பெரும்பாலான பெட்டிகளில் நடப்பது தலைகீழ். கூட்டம் முதலில் மெலிகிறது, காவலில்லாத அடை வெறுமனே கிடக்கிறது, அப்புறம்தான் பூச்சி உள்ளே வந்து முட்டை வைக்கிறது. அதனால் இந்தச் செய்முறையில் பாதி புழுவைப் பற்றியும் மீதி பாதி உங்கள் கூட்டத்தைப் பற்றியும் இருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் நம் ஊர் அடுக்குத் தேனீக்கு, அதாவது பொந்திலும் புற்றிலும் கூடு கட்டும் இந்தியத் தேனீக்கு. நியூட்டன் பெட்டியோ மார்த்தாண்டம் பெட்டியோ, எதுவானாலும் சரி. இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் அந்த இனம் கூட்டை விட்டு ஓடுவது குறைவு. நம்முடையது தொல்லை கூடினால் ஒரு நாள் மொத்தமாகக் கிளம்பிவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: புகைப்பான், முகவலை, பெட்டி உளி, மென்மையான பிரஷ், ஒரு வெள்ளைச் சார்ட் பேப்பர், மூடியுள்ள ஒரு வாளி. அடை உருக்குவதற்குப் பழைய காடாத் துணிப்பையும் எவர்சில்வர் அண்டாவும்.

படி 1: ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மெழுகுப்பூச்சியில் இரண்டு வகை. பெரியது கேலரியா மெல்லொனெல்லா. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், உட்காரும்போது சிறகைக் கூரை மாதிரி மடித்துக்கொள்ளும். சின்னது அக்ரோயா கிரிசெல்லா. வெள்ளிச் சாம்பல் உடம்பு, தலை மட்டும் மஞ்சள். பகலில் பெட்டி மூடியின் இடுக்கிலோ பக்கத்து மரப்பட்டையிலோ அசையாமல் ஒட்டியிருக்கும், பொழுது சாய்ந்த பிறகுதான் நடமாட்டம்.

இந்தப் பூச்சிக்குத் தின்கிற வாயே கிடையாது. வளர்ந்த பிறகு ஒரு வாய் தேனைக்கூட எடுப்பதில்லை. புழுப்பருவத்தில் தின்று சேர்த்ததை வைத்தே ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து, இணைசேர்ந்து, முட்டை வைத்துச் செத்துவிடும். ஆக நாசமெல்லாம் புழுவின் வேலை. ஒரு பெண்பூச்சி சில நூறு முட்டைகள் வைக்கும். தேனீ நுழைய முடியாத இடுக்காகப் பார்த்து, சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில், அடிப்பலகை மூலையில் செருகி வைக்கும். நம் ஊர்ச் சூட்டில் முட்டையிலிருந்து பூச்சியாக ஆறேழு வாரம் போதும். மழையும் குளிரும் நீடித்தால் புழுப்பருவம் மட்டுமே மாதக்கணக்கில் இழுக்கும்.

பேர் மெழுகுப்புழு என்றாலும் வெறும் மெழுகில் அது உருப்படாது. புத்தம்புது வெள்ளை அடையைக் கொடுத்துப் பாருங்கள், சரியாக வளராது. அதற்கு வேண்டியது பல தலைமுறை தேனீப் புழு வளர்ந்து கறுத்துப்போன பழைய அடை. ஒவ்வொரு அறையிலும் தேனீக் குஞ்சு பிறந்துபோகும்போது உரித்த தோலும் பட்டுக்கூடும் எச்சமும் படிந்துவிடும், ஓரத்தில் மகரந்தம் இருக்கும். சத்தெல்லாம் அதில்தான். பெட்டியில் தேன் சேரும் மேல்தட்டான தேன் அறையைக் காட்டிலும், தேனீக் குஞ்சு வளரும் கீழ்த்தட்டான புழு அறையில்தான் முதலில் தொல்லை ஆரம்பிப்பதற்குக் காரணம் இதுதான்.

படி 2: அடிப்பலகையைப் பாருங்கள்

பெட்டியைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்கு, வெயில் ஏறுவதற்குள். நுழைவாயிலில் இரண்டு ஊது புகை விட்டு, புழு அறையை மெதுவாகத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடிப்பலகையில் கிடப்பதை பிரஷ்ஷால் வெள்ளைச் சார்ட்டில் கூட்டித் தள்ளுங்கள். நிழலில் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள்.

பழுப்பும் மஞ்சளுமாகச் சன்னமான மெழுகுத் தூள் கிடந்தால் பயப்படாதீர்கள். நம் அடுக்குத் தேனீக்குப் பழைய அடையைக் கடித்துக் கடித்துக் கீழே போடும் பழக்கம் உண்டு. ஆனால் அந்தத் தூளைப் பல வாரம் கூட்டாமல் விட்டால் அதுவே பூச்சிக்கு விருந்து. பூச்சி முட்டையிட, புழு முதல் சில நாள் தின்று தேற, அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

தூளோடு அரைத்த மிளகு போலக் கறுப்பு மணிகள் கலந்து கிடந்தால் அது புழுவின் எச்சம். விரலில் தேய்த்துப் பாருங்கள். மெழுகுத் தூள் கைச்சூட்டில் குழையும், எச்சம் பொடிந்து கறுப்பாக ஒட்டும். இரண்டு மூன்று தூள்கட்டி ஒன்றோடொன்று நூலில் கோத்த மாதிரி சேர்ந்து வந்தால் உள்ளே புழு இருக்கிறது. சார்ட்டைக் கொஞ்சம் வெயிலுக்குத் திருப்புங்கள். சின்னப் புழுவாக இருந்தாலும் வெளிச்சம் பட்டதும் விறுவிறுவென்று நிழல் பக்கம் ஓடும். மற்ற புழுக்கள் மாதிரி சோம்பேறி இல்லை இது.

படி 3: சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள்

ஓரச் சட்டத்திலிருந்து தொடங்குங்கள். தேனீ மொய்க்காத சட்டத்தில்தான் புழு முதலில் குடியேறும். சட்டத்தைத் தூக்கி, ராணி அதில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சூரியனுக்கு எதிரே பிடியுங்கள். அடையின் நடுச்சுவரில் கோடு கோடாக ஓடும் சுரங்கம் தெரியும். சுரங்கம் முழுக்க வெள்ளை நூல் வரிந்திருக்கும். தேனீ கொட்டாமலிருக்கப் புழு போட்டுக்கொள்ளும் கவசம் அந்த நூல்தான்.

அடுத்தது, அடையில் தேனீக் குஞ்சு வளரும் மூடிய சின்ன அறைகளைப் பாருங்கள். நல்ல அடையில் மூடிகள் சீராக இருக்கும். சில இடத்தில் மட்டும் மூடி இல்லாமல், உள்ளே வெள்ளைக் கூட்டுப்புழுவின் தலை தெரிந்தால், அந்தத் திறந்த அறைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று கவனியுங்கள். ஒரே கோட்டில் வரிசையாக இருந்தால், மூடிக்கு அடியில் மெழுகுப்புழு நகர்ந்து போன தடம் அது. அதைத் துரத்தத் தேனீயே மூடிகளைக் கடித்துத் திறந்திருக்கும். சில குஞ்சுகள் வளர்ந்து முடிந்தும் வெளியே வரமுடியாமல், பின்பக்கம் நூலில் சிக்கி, அறையிலேயே துடித்துக்கொண்டிருப்பதையும் பார்ப்பீர்கள்.

வரிசை இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்த தேனீப் புழு, தோலுக்குள் தண்ணீர் கோத்துத் தலை நிமிர்ந்து கிடந்தால் கதை வேறு. அது தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியா முழுக்க அடுக்குத் தேனீப் பெட்டிகளைக் காலி செய்தது அதுதான். அந்த நோயால் கூட்டம் மெலிந்தாலும் பின்னாலேயே மெழுகுப்பூச்சி வந்து நிற்கும், பழி மட்டும் பூச்சி மேல் விழும். சந்தேகமாக இருந்தால் அந்த அடையின் போட்டோவோடு மதுரை ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் பூச்சியியல் துறையில் விசாரியுங்கள். அந்தச் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள்.

கடைசியாகப் பெட்டியின் உள்சுவர், சட்டத்தின் மேல்கட்டை. முற்றிய புழு மரத்தையே படகு வடிவில் குடைந்து, அந்தப் பள்ளத்தில் வெள்ளைக் கூடு கட்டிக்கொள்ளும். நகத்தால் பிய்த்தால் வராது, உளிதான் வேண்டும்.

படி 4: எவ்வளவு தூரம் போயிருக்கிறது?

ஓர அடையில் ஒன்றிரண்டு சுரங்கம், மற்ற சட்டமெல்லாம் தேனீ நிறைந்திருக்கிறது என்றால் புழுவை உளிமுனையால் கிள்ளி எடுத்து வாளியில் போட்டுவிட்டு, சுரங்கப் பகுதியை மட்டும் அறுத்து எடுங்கள். மீதியைத் தேனீயே பார்த்துக்கொள்ளும். சட்டத்தை நிமிர்த்திப் பிடித்து மேல்கட்டையில் உளியால் தட்டினால், உள்ளே இருக்கும் புழு தானாகவே வெளியே நீட்டும்.

பாதி அடைகள் நூலாம்படையாகி, தேனீ இரண்டு மூன்று சட்டத்தில் மட்டும் ஒண்டியிருந்தால் அடுத்த படிக்குப் போங்கள். ஒரே ஒரு கையளவு தேனீ, ராணியும் இல்லை என்றால் அந்தக் கூட்டத்தைக் காப்பாற்றப் பார்ப்பது வீண் செலவு. நோய் இல்லை என்று உறுதியானால் பலமான வேறு கூட்டத்தோடு சேர்த்துவிடுங்கள்.

பூச்சி மருந்துக் கடையில் கேட்டு எதையாவது வாங்கி அடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தேனீயும் பூச்சிதான். அதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

படி 5: வீட்டைச் சுருக்குங்கள்

இதுதான் முக்கியமான படி. தேனீ இரண்டு பக்கமும் மொய்த்து மூடக்கூடிய சட்டங்கள் எத்தனையோ அத்தனை மட்டுமே பெட்டியில் இருக்க வேண்டும். நாலு சட்டத்துக்குத்தான் ஆள் இருக்கிறது என்றால் நாலு. மீதி மூன்று சட்டம் "கூட்டம் பெருகும்போது உதவுமே" என்று உள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தால், அதில் குடியேறுவது பூச்சிதான். தேன் அறை போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். புழு அறையில் மிச்சமாகும் காலி இடத்தை ஒரு தடுப்புப் பலகையால் அடையுங்கள்.

தேனீயைச் சட்டத்தோடு சுத்தமான வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, பழைய பெட்டியையும் அடிப்பலகையையும் உளியால் சுரண்டுங்கள். மூலை, இணைப்பு, ஆணி அடித்த இடம் எதையும் விடாதீர்கள். சுரண்டிய பிறகு ஊதுவிளக்கு இருந்தால் அதால், இல்லையென்றால் காய்ந்த தென்னை ஓலையைக் கொளுத்தி, உள்பக்கம் லேசாகப் பழுப்பேறும் அளவுக்குத் தீக் காட்டுங்கள். முட்டை சாவதற்கு அந்தச் சூடு வேண்டும். தோப்புக்குள் காய்ந்த சருகுக்கு நடுவில் இதைச் செய்யாதீர்கள், களத்துமேட்டுக்குக் கொண்டுபோங்கள். காலிப் பெட்டியை அப்புறம் சித்திரை வெயிலில் ரெண்டு மூணு நாள் கவிழ்த்துப் போட்டாலும் நல்லதுதான். அடை உள்ள பெட்டியை வெயிலில் போட்டால் புழு சாவதற்கு முன்னால் அடை குழைந்து விழுந்துவிடும்.

பெட்டியில் விரிசல் இருந்தால் தேன்மெழுகை உருக்கி ஊற்றி அடைக்கலாம். நுழைவாயிலை இரண்டு மூன்று தேனீ மட்டும் புழங்கும் அகலத்துக்குக் குறையுங்கள். சின்ன வாசலைக் காப்பது மெலிந்த கூட்டத்துக்குச் சுலபம்.

படி 6: கூட்டம் ஏன் மெலிந்தது என்று கண்டுபிடியுங்கள்

நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் சோதனைக் காலம். தேனீ வெளியே போக முடியாது, பூவில் இருப்பதும் கழுவிப் போய்விடும், ராணி முட்டையைக் குறைத்துவிடும். கூட்டம் சுருங்கச் சுருங்க வெற்று அடை கூடும். எனவே புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை சட்டங்களைக் குறைத்து, அடிப்பலகையைத் துப்புரவாக்கி வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்த பாகை, சாயங்காலம், பெட்டிக்கு உள்ளேயே வையுங்கள். வெளியே சிந்தினால் எறும்பு வரும், பக்கத்துக் கூட்டமும் கொள்ளைக்கு வரும்.

ராணி கிழடாகியிருந்தால் முட்டை அங்கங்கே சிதறிக் கிடக்கும். தோப்பில் மருந்து அடித்திருந்தால் வாசல் முன்னால் செத்த தேனீ குவியும். எறும்பு ஏறியிருந்தால் பெட்டிக் காலுக்கு அடியில் உள்ள தண்ணீர்க் கிண்ணம் வறண்டிருக்கும். இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் காரணம் பிடிபட்டுவிடும். ஒன்பது, பத்து நாளுக்கு ஒருமுறை அடிப்பலகையைக் கூட்டுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

இந்த இடத்தில் பூச்சிக்காகக் கொஞ்சம் பரிந்து பேசவும் வேண்டும். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் உயரமான கட்டடங்களிலும் மலைத்தேனீ கட்டும் பெரிய அடைகளைப் பார்த்திருப்பீர்கள். கூட்டம் இடம் பெயர்ந்ததும் அந்த வெற்று அடையைத் தின்று தீர்ப்பது இதே புழுதான். புளியமரப் பொந்தில் ஒரு கூட்டம் நோயில் செத்தால், நோய் பிடித்த பழைய அடையைப் பொடியாக்கி, பொந்தை அடுத்த கூட்டத்துக்குக் காலி செய்து தருவதும் இதுதான். காட்டில் துப்புரவு வேலை செய்கிற பூச்சி, நம் பெட்டிக்கு வந்தால் திருடன் ஆகிவிடுகிறது.

படி 7: கெட்ட அடையை உருக்குங்கள்

அறுத்தெடுத்த அடையைத் தோப்பில் வீசாதீர்கள். அடுத்த தலைமுறை அங்கேயிருந்துதான் வரும். பாதிக்கு மேல் நூலும் எச்சமுமாகிவிட்டதைக் குழியில் போட்டுக் கொளுத்துங்கள், அதில் மெழுகு தேறாது. மற்றதைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, காடாத் துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி, அண்டாவில் தண்ணீர் நிரப்பி, ஒரு கல்லை மேலே வைத்து அமிழ்த்திச் சூடாக்குங்கள். தளதளவென்று கொதிக்க வேண்டாம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும். கசடு பைக்குள்ளேயே நிற்கும், மெழுகு மட்டும் கசிந்து மேலே மிதக்கும். பையைக் குச்சியால் அழுத்திக் கொடுத்துவிட்டு, அடுப்பை அணைத்து, அண்டாவை மூடி, ராத்திரி முழுக்க ஆறவிட்டால் காலையில் தட்டாக எடுக்கலாம். இரும்புச் சட்டியில் உருக்கினால் மெழுகு கறுக்கும். தண்ணீர் இல்லாமல் நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும்.

வாளியில் சேர்த்த புழுக்களைக் கோழிக்குப் போடுங்கள். கொழுப்பு மிகுந்த தீனி, நாட்டுக்கோழி அடித்துப் பிடித்துத் தின்னும். வெளிநாடுகளில் இதே புழுவை வளர்த்துத் தூண்டில் இரையாகவும் கூண்டுப் பறவைக்குத் தீனியாகவும் விற்கிறார்கள். வேளாண் ஆய்வகங்களில், கரும்பு வேரைத் தின்னும் வெள்ளைப்புழு போன்ற மண்வாழ் பூச்சிகளைக் கொல்லும் நூற்புழுக்களைப் பெருக்க இந்தப் புழுவைத்தான் தீனியாகக் கொடுக்கிறார்கள். மருத்துவ ஆராய்ச்சியிலும் இதற்கு இடம் உண்டு. மனித உடம்பின் 37 டிகிரிச் சூட்டிலும் நன்றாக உயிர்வாழ்வதால், கிருமிகளின் வீரியத்தைச் சோதிக்க எலிக்குப் பதிலாக இதைப் பயன்படுத்துகிறார்கள். அப்புறம் அதன் காது. 2013இல் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, பெரிய மெழுகுப்பூச்சிக்கு 300 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்பது தெரிந்தது. நமக்கு 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் ஒன்றும் கேட்காது. வௌவாலின் குரலைக் காட்டிலும் மேலே கேட்கிற காது அது.

படி 8: நல்ல காலி அடையைப் பத்திரப்படுத்துங்கள்

சுருக்கும்போது எடுத்த அடைகளில் நல்லதும் இருக்கும். கறுத்துப்போனதை உருக்கிவிட்டு, இளம்பழுப்பு அடைகளை மட்டும் வையுங்கள். ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீ பல கிலோ தேனைச் செலவழிக்க வேண்டும், அதனால் கட்டிய அடை என்பது சேமித்த தேன்.

மிகச் சுலபமான வழி, அடையைப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைப்பது. மைனஸ் 7 டிகிரியில் நாலரை மணி நேரம், மைனஸ் 15இல் இரண்டு மணி நேரம் இருந்தால் முட்டை முதல் பூச்சி வரை எல்லாம் செத்துவிடும். வீட்டு ஃப்ரிட்ஜில் அந்தக் குளிர் எட்டுவதற்கே நேரமாகும் என்பதால் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். நம் அடுக்குத் தேனீச் சட்டம் சின்னது, இரண்டு மூன்று கொள்ளும். வீட்டில் சம்மதம் வாங்குவது உங்கள் பாடு. உறைந்த அடை அப்பளமாக நொறுங்கும், தட்டாமல் எடுங்கள். சாதாரணச் சூட்டுக்கு வரும்வரை பையைப் பிரிக்காதீர்கள், இல்லையென்றால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

பிறகு இறுக்கமான மூடியுள்ள டின்னில் வையுங்கள். பாலித்தீன் பையை நம்பாதீர்கள், தப்பிய புழு ஒன்று இருந்தாலும் ஓட்டை போட்டுவிடும். ஸ்பெயினில் பெடெரிகா பெர்டோக்கினி என்ற ஆய்வாளர் தன் பெட்டியில் பொறுக்கிய புழுக்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுவைத்து, பை ஓட்டையாவதைப் பார்த்துத்தான் ஆராய்ச்சியில் இறங்கினார். இந்தப் புழு பாலிஎத்திலீனைச் சிதைக்கிறது என்று 2017இல் வெளியிட்டார்கள், வேலையைச் செய்வது எச்சிலில் உள்ள நொதிகள் என்று 2022இல் காட்டினார்கள். அதற்காக மதுரை வெள்ளக்கல் குப்பைக்கிடங்கைப் புழுவை விட்டுத் தீர்த்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். பிளாஸ்டிக்கை மட்டும் தின்று அது பிழைக்காது.

ஃப்ரீசர் இல்லாதவர்கள் அடைகளை ஒன்றோடொன்று தொடாமல், வெளிச்சமும் காற்றும் புழங்கும் இடத்தில், கம்பியில் தொங்கவிடலாம். இருட்டும் அடைசலும் இருக்கும் இடத்தில்தான் பூச்சிக்குத் தைரியம். வாரம் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். கந்தகப் புகை போடுவது பழைய வழக்கம். புழுவும் பூச்சியும் சாகும், முட்டை சாகாது, ஆகவே பொரிந்த பிறகு மறுபடியும் போட வேண்டும். தேன் உள்ள அடைக்குப் போடவே கூடாது. பீரோவில் வைக்கும் அந்துருண்டை வேண்டவே வேண்டாம். மெழுகு அந்த வாடையை உறிஞ்சி வைத்துக்கொண்டு தேனுக்குக் கொடுக்கும்.

மழை ஓய்ந்து, தை பிறந்து, வாசலில் மகரந்தக் கால்களோடு தேனீ இறங்குவது கூடியதும் இந்த அடைகளைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கலாம். ஒரு தடவைக்கு ஒரு சட்டம், தேனீக் குஞ்சு உள்ள சட்டங்களின் ஓரத்தில் வையுங்கள். கந்தகம் போட்ட அடையாக இருந்தால் இரண்டு நாள் காற்றாட விட்டுக் கொடுங்கள். இரண்டு பக்கமும் தேனீ மொய்த்து, ராணி அதில் முட்டை வைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்த சட்டத்தை டின்னிலிருந்து எடுத்தால் போதும்.